வாசல் வெளிச்சத்துக்கு ஒரு மேசை

கனகா மைசூரின் ஹெப்பாள் பகுதிக்குப் புறப்பட்ட காலையில் அளவு நாடா எடுத்துக்கொள்ளவில்லை. மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவையைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டாள். புதுக் கடைக்கு மேசையும் கண்ணாடிப் பெட்டிகளும் பார்க்கப் போகிறவள் புடவையோடு வருவதைக் கண்டு, கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் மல்லப்பன் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டார்.

“ஏனம்மிணி, தச்சனுக்குச் சீர் கொண்டுட்டுப் போறயா?”

“அளவெடுக்கத்தானுங்ண்ணா.”

“நாடாவுல எடுக்க முடியாத அளவையா சேலைல எடுக்கப் போற?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினேழு வருஷம் மைசூரின் பெரிய புடவைக் கடை ஒன்றில் நின்றவள் அவள். நின்றவள் என்றால் நின்றவள்தான். விற்கும் பெண்களுக்கு அந்தக் கடையில் ஒரு முக்காலிகூடக் கிடையாது. கல்லா மட்டும் வாசலையொட்டி ஒரு படி உயரத்தில் இருக்கும். முதலில் முதலாளி உட்கார்ந்தார், பிறகு அவர் மகன், பிறகு மகனுடைய மைத்துனன். அந்த மைத்துனனுக்குப் பட்டு எது, கலப்பு எது என்று தெரியாது. ஆனாலும் அரை மணி நேரம் கனகா விரித்துக் காட்டிய புடவைக்கு விலை குறைக்க வேண்டுமென்றால் வாடிக்கையாளர்கள் அவனைப் பார்ப்பார்கள். சாயம் போய்விட்டால் இவளைத் தேடி வருவார்கள்.

இன்னொன்றும் அங்கே நடக்கும். புடவை பிடித்துவிட்டால் எந்தப் பெண்ணும் கடை விளக்கை நம்ப மாட்டாள். “வெளிச்சத்தில் பார்க்கலாமா?” என்று கேட்பாள். அவள் ஒரு முனையைப் பிடிக்க, கனகா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்க வேண்டும். விளக்கில் ராமர் பச்சையாக இருந்தது பகலில் மயில் கழுத்தாக மாறும். பாதிப் பேர் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மறுபடி உள்ளே வந்து வேறு புடவை, மறுபடி வாசல். ஒரு நாளைக்கு இருபது முப்பது நடை. புடவை முடிவாவது வாசலில்தான் என்று அவள் கால்களே சொல்லிவிட்டன.

இந்த ஆவணியில் மைசூரிலேயே அக்ரஹாரம் பகுதியில் வடக்குப் பார்த்த ஒரு கடை காலியானது. ஒன்பதடி அகலம், பன்னிரண்டடி ஆழம். வெயில் விழாது, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே மாதிரி வெளிச்சம். கனகா தன் பெயரில் ஒப்பந்தம் எழுதி, தன் சேமிப்பிலிருந்து முன்பணமும் கொடுத்தாள். அவள் கணவர் அய்யாவு ஒரு ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். “உனக்குத் தெரிஞ்ச தொழிலு, நீயே பாத்துக்க” என்றதோடு சரி. சரக்கு மட்டும் அண்ணனுடையது. மல்லப்பனுக்குக் கொள்ளேகாலில் ஆறு தறியும் கடைவீதியில் ஒரு கடையும் இருந்தன. சரக்கு தருகிறவர் என்ற முறையில்தான் அவரும் ஹெப்பாளுக்கு வந்தார்.

பசவராஜின் பட்டறை தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மருந்துக்கடை, பேக்கரி, செல்போன் கடை என்று எல்லாவற்றுக்கும் கவுன்ட்டர் செய்து கொடுப்பவர். கன்னடக்காரர், தமிழர்கள் வந்தால் தமிழை இழுத்து இழுத்துப் பேசுவார்.

“சேலைக் கடை அல்லவா மேடம்? செட்டே ரெடி இருக்கு, நோடி, பாருங்க.”

நெஞ்சு உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கவுன்ட்டர். உள்ளே மஞ்சள் விளக்கு, விளிம்பெல்லாம் பளபளக்கும் அலுமினியப் பட்டை. பின்னால் விற்கிறவர் நிற்க ஒன்றரை அடி இடம். வாசல் பக்கத்துக்குத் தனியாக ஒரு கல்லா மேசை, அதற்குக் கீழே மரப்படி, மேலே சாமி படத்துக்கு மாடம், ஒரு சுழல் நாற்காலி.

மல்லப்பன் நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அரைச் சுற்று சுற்றினார்.

“இது போதும். வாரத்துல மூணு நாளு நான் வந்துருவேன். மிச்ச நாளைக்கு மாப்பிள்ளை ஷிப்ட் முடிச்சுட்டு வரட்டும்.”

“நானுங்ண்ணா?”

“நீதான் கவுன்ட்டர்ல நிக்கறயே.”

கனகா பையிலிருந்து புடவையை எடுத்துக் கண்ணாடியின்மேல் விரித்தாள். கவுன்ட்டரின் அகலம் இரண்டடி. ஒரு கரை மேலே கிடந்தது. மறுகரை அந்தப் பக்கம் தொங்கியது. முந்தானையை உதறிப் போட்டதும் பட்டு கண்ணாடியில் வழுக்கி மொத்தமாகத் தரையை நோக்கிச் சரிந்தது. எட்டிப் பிடித்து இழுத்தாள். அலுமினியப் பட்டையின் மூலையில் ஜரிகை மாட்டி, மயிரிழை அளவுக்கு ஒரு நூல் எழும்பிவிட்டது. அது அவளுடைய சொந்தப் புடவை. அவள் முகம் மாறவில்லை.

“பாருங்க” என்று பசவராஜிடம் அந்த இடத்தைக் காட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு தன் பட்டையின் மூலையை விரலால் தடவினார். “தப்பு நம்மது மேடம். செல்போன் கடைக்கு இது தெரியல்ல.”

“ரெண்டு கரையும் ஒரே நேரத்துல தெரியணும்னா நாலடி அகலம் வேணுமுங்க. நீளம் அஞ்சடி. கண்ணாடி வேண்டாம், பலகை. மேல மினுக்குத் தாள் ஒட்டாதீங்க, வழுக்கும். ஓரமெல்லாம் உருட்டி விடுங்க. நான் உக்காந்து காட்டற உயரம், கால் வெக்க எடம். எதுத்தாப்புல வாங்கறவங்களுக்கு நாலு ஸ்டூலு. என்ற வலது கைப்பக்கம் பூட்டு வெச்சு ஒரு இழுப்பறை.”

“கடைக்குச் சொல்றயா, கல்யாணப் பந்திக்குச் சொல்றயா?” என்றார் மல்லப்பன் நாற்காலியிலிருந்தபடியே.

பசவராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “இத்தனை பெரிசு எங்கே போடறது மேடம்?”

“வாசல்ல.”

“அங்கே கல்லா...”

“கல்லா வேண்டாங்க. வெளிச்சம் அங்கதான் இருக்குது. மேசை வெளிச்சத்துல இருந்தா சேலையைத் தூக்கிட்டு யாரும் நடக்க வேண்டாம்.”

“விக்கிறவங்க உக்காந்திருந்தா வாடிக்கை மரியாதை கொடுப்பாங்களா?” என்றார் பசவராஜ்.

“அவங்களும் உக்காருவாங்களே. உக்காந்தவங்க சீக்கிரத்துல எந்திரிக்க மாட்டாங்க.”

பசவராஜ் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் எழுதிக்கொண்டார். சுவர்ப் பக்கத்துக்கு இரண்டு கண்ணாடி அலமாரிகளும் கனகா சொன்னாள். உள்ளே விளக்கு வேண்டாம், தட்டுகள் புடவை மடிப்பின் அகலத்துக்கு, அதற்குமேல் ஒரு விரற்கடை.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மல்லப்பன் மெதுவாகக் கேட்டார். “கல்லா இல்லாத கடைல நான் எங்க உக்கார்றது?”

“வர்றப்ப ஸ்டூல்ல உக்காருங்கண்ணா.”

“வாங்க வர்றவங்களோடயா?”

“ஆமாங்ண்ணா.”

அடுத்த பத்து நாட்கள் கனகா காலிக் கடையில் தனியாக வேலை பார்த்தாள். தரையில் செய்தித்தாளை நாலுக்கு ஐந்தாக விரித்து, சுற்றி நடந்து பார்த்தாள். அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து புடவையை வீசினாள். முப்பது அங்குலத்தில் தோள் வலித்தது. இருபத்தேழில் முழங்கால் இடித்தது. இருபத்தெட்டே கால் சரியாக வந்தது. அந்தக் கால் அங்குலத்துக்காக பசவராஜுக்கு மூன்று தடவை போன் போனது. மூன்றாவது தடவை அவர், “மேடம், நான் எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்கறப்போகூட இவ்வளவு யோசிக்கல்ல” என்றார்.

டெம்போ வந்த அன்று மல்லப்பனும் வந்திருந்தார். மேசை இறங்கியது, ஸ்டூல்கள் இறங்கின, அலமாரிகள் இறங்கின. கடைசியில் தார்ப்பாய்க்குக் கீழேயிருந்து மாடம் வைத்த கல்லா மேசையும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சுழல் நாற்காலியும் வெளியே வந்தன.

“இது நான் சொல்லலையே” என்றாள் கனகா.

பசவராஜ் சங்கடத்தோடு மல்லப்பனைப் பார்த்தார். “சார் போன்ல சொன்னாரு மேடம். நீங்களும் ஒத்துக்கிட்டதா.”

“காசு நான் குடுத்தாச்சு” என்றார் மல்லப்பன். “உன்ற மேசையைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடு. ரெண்டுக்கும் எடம் ஆகும்.”

“உள்ள தள்ளுனா வெளிச்சம் வராதுங்ண்ணா.”

“விளக்குப் போட்டுக்க. ஊருல எல்லாரும் போடறாங்க. வாசல்ல ஒரு ஆம்பள உக்காந்திருந்தாத்தான் கடைன்னு இருக்கும்.”

ஆட்கள் கல்லாவைப் பாதி இறக்கியிருந்தார்கள். கனகா கடைப் படியில் இறங்கி அவர்களுக்கு எதிரே நின்றாள்.

“இறக்காதீங்க. மேல ஏத்துங்க.”

“கனகா.”

“ஏத்துங்கன்னு சொன்னேனுங்க.”

ஆட்கள் பசவராஜைப் பார்த்தார்கள். பசவராஜ் தெருவைப் பார்த்தார், மல்லப்பனைப் பார்த்தார், கடைசியில் தலையை ஆட்டினார். “கடை மேடம்து. ஏத்தப்பா.”

மல்லப்பன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அவர் குரல் உயரவில்லை. “செரி. வாசல் உன்னுது, மேசை உன்னுது. சேலையும் உன்னுதே இருக்கட்டும். என்ற தறியில இருந்து ஒரு முழம் வராது. நாலடி மேசைல எதைப் போட்டு விரிப்பயோ விரி.”

“செரிங்ண்ணா.”

அவள் அவ்வளவுதான் சொன்னாள். அவர் போன பிறகு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை திறப்பு என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லியாயிற்று. அலமாரியில் ஒரு புடவைகூட இல்லை. கொஞ்ச நேரம் வெறும் பலகையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சொரசொரப்பு எங்கும் இல்லை. பசவராஜ் சுத்தமாகத்தான் செய்திருந்தார்.

மறுநாள் காலை கொள்ளேகால் பஸ்ஸில் ஏறினாள். அண்ணன் வீட்டுப் பக்கம் போகாமல் நெசவாளர் தெருவில் தேவம்மா வீட்டுக்குப் போனாள். தேவம்மாவுக்கு இரண்டு தறி; யாருக்கும் கட்டுப்பட்டு நெய்கிறவள் இல்லை.

“உங்கண்ணன் தெருவெல்லாம் சொல்லி வெச்சுட்டாரே. உனக்குச் சரக்குக் குடுத்தா அவரு பேச மாட்டாராமா” என்றாள் தேவம்மா.

“தெரியுமுங்க்கா. குடுக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. அடுத்த ஊட்டுக்குப் போறேன்.”

“அடுத்த ஊட்டுலயும் இல்லேன்னா?”

“காஞ்சிபுரத்துக்கு பஸ் இருக்குதுங்க.”

தேவம்மா ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அங்க எதுக்குப் போற? அவரு பேசாட்டி எனக்கு வேல மிச்சம்.” கயிற்றுக் கட்டிலைத் தூக்கி முற்றத்து வெளிச்சத்தில் போட்டாள்.

கனகா பதினாலு புடவைகளைப் பகலில் பிரித்துப் பார்த்து, கரை ஓரம் சீராக இல்லாத மூன்றைத் திருப்பிக் கொடுத்தாள். “வாங்க வழியில்லாதவளுக்கு வாயப் பாரு” என்று தேவம்மா முணுமுணுத்துக்கொண்டே அந்த மூன்றையும் உள்ளே எடுத்துப் போனாள்.

பதினோரு புடவைகள் ஒரு வெள்ளைத் துணி மூட்டையாயின. ஆட்டோக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்து வழியாகப் போனால் கிட்டம் என்றார்.

“கடைவீதியிலயே போங்க.”

மல்லப்பன் தன் கடைக் கல்லாவில் இருந்தார். கனகா ஆட்டோவை அங்கே நிறுத்தச் சொன்னாள். மூட்டையை மடியில் வைத்தபடியே, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அண்ணா, வியாழக்கிழமை கடை தொறக்கறேனுங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க.”

அவர் பார்வை மூட்டையிலேயே நின்றது. அவர் வாய் திறக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

“போலாமுங்க” என்றாள் ஆட்டோக்காரரிடம்.