தையல் ஹாலில் பேச்சு கிடையாது

இன்று காலை வீடியோவில் ஒரு பெண்ணை இன்டர்வியூ செய்துகொண்டிருந்தேன். கேள்வியைக் கொடுத்ததும் குனிந்தவள்தான், பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. திரையில் புரோகிராம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. என்னையறியாமல் பேனாவால் மேஜையை டக் டக்கென்று தட்டிவிட்டேன். பதறிப்போனாள்.

"சார், தப்பா?"

"தப்பில்லம்மா. யோசிக்கிறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க."

அந்தத் தட்டல் என்னுடையது இல்லை, சொல்லிவிடுகிறேன். அது இம்தியாஸுடையது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. ஸ்டாக் கணக்குக்குப் புரோகிராம் எழுத வேண்டும். தையல் ஹாலின் ஓரத்தில் பிளைவுட் தடுப்பு, அதற்குள் ஒரு மேஜை. தோலும் பசையும் கலந்த வாசனையோடுதான் அங்கே சாப்பிடுவோம். இன்றைக்கும் புது ஷூ டப்பாவைத் திறந்தால் எனக்குப் பசிக்கும், சிரிக்காதீர்கள். இருநூறு மெஷின் ஒன்றாக ஓடும் இடத்தில் பேச்சு எங்கே எடுபடும்? எல்லாம் கைஜாடைதான். நூல் அறுந்தால் ஒன்று, சூப்பர்வைசர் வந்தால் ஒன்று. மெஷின் ரிப்பேர் பார்க்கும் இம்தியாஸ் ஜாடையிலேயே ஜோக் அடிப்பான். நானும் வாயை மூடிக்கொண்டே வேலை செய்யப் பழகிவிட்டேன்.

அதே பழக்கத்தோடு பெங்களூருக்குப் போனேன், பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்கு. போர்டில் எழுதச் சொன்னார் ஒருவர். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் எழுதினேன். விடை சரி. வேலை கிடைக்கவில்லை. நான் எப்படி யோசிக்கிறேன் என்றே தெரியவில்லையாம்! கிடைத்த மாதிரிதான் என்று ஹால் முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

"நீ வாயே தொறக்கலயா? அந்தாளு இன்னா ஜோசியம் பாப்பாரா?" என்றான் இம்தியாஸ்.

ஆறு மாதம் கழித்து அதே கம்பெனியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதையும் விட்டால் பிளைவுட் தடுப்பே கதி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் இம்தியாஸ் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். நான் அட்டைப்பெட்டியில் எழுத வேண்டும், எழுதுவதைச் சொல்லவும் வேண்டும். அவனுக்கு ஒரு வரி புரியாது. ஆனால் நான் மௌனமானால் போதும், ஸ்க்ரூடிரைவரால் மெஷினைத் தட்டுவான்.

"ஏன் நிறுத்திட்ட?"

"தெரியலடா."

"அப்ப தெரியலன்னு சொல்லு. பெரிய பேஜாரா போச்சு உன்னோட."

இரண்டாவது தடவை போர்டின் முன்னால் நின்று, "இந்த இடம் தெரியல சார், ரெண்டு வழி யோசிக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். வேலை கிடைத்தது. என்னைவிட இம்தியாஸ்தான் ஜாஸ்தி குதித்தான்.

அப்போது திறந்த வாய் இன்னும் மூடவில்லை. மீட்டிங்கில் நான் ஆரம்பித்தால் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

போன மாதம் ஆம்பூர் போயிருந்தேன். ஹாலில் புது மெஷின்கள், சத்தமே இல்லை. பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே தைக்கிறார்கள். யாரும் கையைத் தூக்குவதில்லை. தூரத்தில் நின்ற இம்தியாஸ் மட்டும் என்னைப் பார்த்ததும் இடது முழங்கையை இரண்டு முறை தட்டிக் காட்டினான். நான் திருதிருவென்று விழித்தேன். பக்கத்தில் வந்தான்.

"சாப்ட்டியான்னு கேட்டேன்டா. இதுகூட மறந்துட்டியா?"

"இன்னும் சாப்பிடல" என்றேன், வாயைத் திறந்து.