பதினோராவது எபிசோடும் மைதீன் அண்ணாச்சியும்

மைதீன் அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழேகாலுக்கு வந்தது. ஒன்பது மணிக்குள் அதன் கீழே கைகூப்பும் படங்களும் அழும் முகங்களும் வரிசை கட்டி நின்றன. “யார் மனதையும் நோகடிக்காத நல்லுள்ளம்” என்று ஒருவர் எழுதினார். அடுத்தவர் அதை அப்படியே நகலெடுத்துப் போட்டார். அதற்கடுத்தவருக்கு அதற்குக்கூடச் சோம்பல், “ஆமாம்” என்று மட்டும் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மனதை நோகடிக்கவில்லை அவர்? அந்த மனுசன் வாயைத் திறந்தால் யாராவது ஒருவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்கும் ஒரு நாள் இறங்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜின் மேனேஜர் அவர். சீசன் மாதங்களில் அவருக்கு உட்கார நேரமிருக்காது. மற்ற மாதங்களில் லாட்ஜில் ஈ ஓட்டத்தான் வேலை. அப்போது வரவேற்பறை டிவியில் கார்ட்டூன் தொடர்கள் பார்ப்பார். பறக்கும் மிருகம், மந்திர வாள், பேசும் மலை என்று போகிற சாகசத் தொடர்கள். ஒவ்வொரு எபிசோடைப் பற்றியும் போனில் பேசிப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவார். முகம் காட்டமாட்டார், குரல் மட்டும்தான். கேட்டவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தப் பக்கத்துத் தகப்பன்மார். ஊரில் பிள்ளை பார்த்த எபிசோடை அங்கே அவர்களும் பார்ப்பார்கள். அண்ணாச்சி திட்டியதையும் கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவார்கள்.

அறுபதை நெருங்கும் ஆளுக்குக் கார்ட்டூன் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு அவர் ஒரு பதிவிலேயே பதில் சொன்னார். “சின்னப்புள்ள பாக்குததுதானன்னு என்னத்தையும் எடுத்து நீட்டுதானுவ. ஊசிப்போன சோத்தைப் புள்ளைக்கு வைப்பியளா?” கேட்டவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

என் கணவர் ஜெனரேட்டர் மெக்கானிக். அந்த லாட்ஜில் ஜெனரேட்டர் பழுதான ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். டிவியில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் அதற்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அவரே விளக்கினார். ஒரு எபிசோடை மூன்று தடவை பார்ப்பாராம். முதலில் எல்லாரையும் போல. அடுத்து சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் மட்டும். மூன்றாவது, முதுகைத் திருப்பிக்கொண்டு சத்தம் மட்டும். “முதுவக் காட்டி உக்காந்தாத்தாம்மா வசனம் எழுதுனவன் யோக்கியதை தெரியும்” என்றார்.

வசனம் எழுதுகிற அந்த வேலையைத்தான் நான் செய்கிறேன். தென்காசியில் வீட்டில் இருந்துகொண்டு, சென்னையில் ஒரு டப்பிங் கம்பெனிக்காகத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். என் பெயர் எங்கும் வராது. எந்தத் தொடர் என்று வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அண்ணாச்சி கேட்டபோது கம்பெனிப் பேப்பர்களை மொழிபெயர்க்கிறேன் என்றேன். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த தொடர் என்னுடையதுதான்.

அந்தத் தொடரின் இரண்டாம் பருவத்தில் பதினோராவது எபிசோட். கதாநாயகியைச் சுமந்து திரிந்த பறக்கும் மிருகம் சாகப்போகிறது. கடைசியாக இருவரும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஸ்கிரிப்ட்டும் வந்தது, படமும் வந்தது. செங்கோட்டையில் நாத்தனாருக்கு வளைகாப்பு. மண்டபத்து மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு எழுதி முடித்தேன். படத்தைத் திறக்கவில்லை. இடம் என்ற பகுதியில் ‘தண்ணீரருகே’ என்று மட்டும் இருந்தது. குளக்கரை என்று நானாக நினைத்துக்கொண்டேன். “காற்றுக்கும் கேட்காமல் சொல்கிறேன் கண்ணே” என்று அந்த மிருகத்தைக் கிசுகிசுக்க வைத்தேன். இரண்டு பக்கம் கிசுகிசுப்பு. எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. பிறகு இறங்கிப் போய்ப் புளியோதரை சாப்பிட்டேன்.

படத்தில் அவர்கள் நின்றது ஒரு பேரருவியின் நேர் கீழே.

சென்னையில் குரல் கொடுத்தவர்கள் படத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. ஷவருக்குக் கீழே பாட்டுப் பாடியவர்களுக்கு அருவியைப் பற்றி என்ன தெரியும்? அருவிச் சத்தத்தைக் குறைத்துக் கிசுகிசுப்பைக் கூட்டி வைத்து அனுப்பிவிட்டார்கள். இணையம் முழுக்க “அழுதுவிட்டேன்” என்றார்கள். ஒருவர் அதைக் காவியம் என்றார். இதற்கெல்லாம் அழுகிறவர்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது.

அண்ணாச்சி அழவில்லை. அவருடைய பதிவு பன்னிரண்டு நிமிடம். படம் வரைந்தவனைக் கொஞ்சம் திட்டினார், இசையமைத்தவனைக் கொஞ்சம். மிச்சம் முழுக்க எனக்கு. “அருவிக்கு அடியில நின்னு குசுகுசுன்னு பேசுதாவளாம். குத்தாலத்துக்கு வந்து பாருங்கய்யா. பக்கத்துல நிக்கவன் பேரைச் சொல்லிக் கத்துனாலும் கேக்காது, கையப் புடிச்சுத்தான் இழுக்கணும். இதை எழுதுனவன் படத்தையே பாக்கலை. பாக்காம எழுதிட்டு நம்மளை அழச் சொல்லுதான்.”

உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு ரோஷம். பொய்ப்பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி அவருடைய பதிவின் கீழே எழுதினேன். எழுத்தாளர் அந்தக் காட்சியைப் பத்துத் தடவை பார்த்திருப்பார், உங்களுக்குக் கற்பனை போதாது, லாட்ஜ் சாவியை எண்ணுகிறவருக்குக் கலை எதற்கு என்றெல்லாம் எழுதினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அடுத்த பதிவில் அவர் அமைதியாகவே பதில் சொன்னார். அந்த எழுத்தாளர் ஒருதடவை குற்றாலத்துக்கு வரட்டும், ரூம் நான் தருகிறேன், அருவிக்கடியில் நின்று அந்த வசனத்தைச் சொல்லட்டும், பக்கத்தில் நிற்கும் எனக்குக் கேட்டால் என் விமர்சனத்தை அழித்துவிடுகிறேன் என்றார்.

அந்தச் சீசனில் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் தள்ளுமுள்ளு. தலையில் தண்ணீர் விழ விழ அந்த வசனத்தை அவள் காதோரம் சொன்னேன். அவள் தலையை ஆட்டி இன்னும் உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தாள். கத்திச் சொன்னேன். வாய் நிறையத் தண்ணீர் போனதுதான் மிச்சம். கரையேறிய பிறகு என்ன சொன்னாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பிறந்ததிலிருந்து குளிக்கிற அருவி. அதை மறந்துபோய் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே ஐந்தருவி சாலைக்கு ஒரு ஆட்டோ பிடித்து, அண்ணாச்சி, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனிக்குப் போட்ட கையெழுத்தைக் காரணம் காட்டிச் சும்மா இருந்தேன். நல்ல காரணம் கிடைத்தால் கோழைக்கு எவ்வளவு நிம்மதி!

இந்த வருடம் அவருக்கு நுரையீரலில் நோய் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கணவரும் நானும் போய்ப் பார்த்தோம். பாதி ஆளாகியிருந்தார். நாக்கு மட்டும் பழைய நாக்கு. பக்கத்து வார்டு டிவியில் ஓடிய நாடகத்தைக் காட்டி, இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டா சாகவேண்டும் என்று சலித்துக்கொண்டார். பிறகு அவராகவே பதினோராவது எபிசோடுக்கு வந்தார்.

“அந்த ஆளு வரவேயில்லை பாத்தியாம்மா.”

“வரமாட்டான் அண்ணாச்சி” என்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

மூச்சு வாங்க வாங்க என்னைத் திருத்தினார். “அப்படிச் சொல்லாத. அந்த ஒரு எபிசோட்ல ஏமாத்திட்டான். மிச்சம் அத்தனையும் முதுவக் காட்டிக் கேட்டேன். அத்தனையும் பாத்துப் பாத்து எழுதுனது. நல்ல கை. அதான் திட்டுனேன். உருப்படாதவன்னா நான் எதுக்கு மூச்சைச் செலவழிக்கேன்?”

என் கணவருக்கு எல்லாம் தெரியும். சொல் என்பதுபோல என்னைப் பார்த்தார். மூன்றாம் பருவத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது ஒரு காரணம். அண்ணாச்சியின் முகம் மாறிவிடுமோ என்ற பயம் இன்னொரு காரணம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வருகிறேன் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டிருந்தார். ஒன்பதாம் நாள் செய்தி வந்தது.

தென்காசியில் ஒரு மண்டபத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம் போட்டோம். பேசியவர்களில் பாதிப் பேர் அவருடைய ஒரு பதிவையும் முழுதாகக் கேட்டதில்லை. நன்றாகத் திட்டு வாங்கிய ஒருவர் அவரைத் தென்றல் என்றார். என்னையும் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, யார் மனதையும் நோகடிக்காத நல்லுள்ளம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கே இருந்தவர்களில் என்னைவிடக் கேவலமாகப் பேசியவர் யாரும் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரைக் கேட்டவர்களுக்கும், வளைகுடாவில் இருந்து எபிசோட் எபிசோடாக அவரைத் தொடர்ந்தவர்களுக்கும் சொல்கிறேன். அந்த வசனத்தை எழுதியவள் நான். படத்தைப் பார்க்காமல் எழுதினேன். கம்பெனி இதைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அவருடையது என்று என்னிடம் இருப்பது ‘நல்ல கை’ என்ற அந்த ஒரு பாராட்டுதான். அதை அவர் எனக்குக் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது.