த்ரீ பேஸ் வந்த நேரம்

வாய்க்கால் கரை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில்தான் கால்சட்டைப் பையில் ஸ்பேனர் இருப்பது தெரிந்தது. நடக்க நடக்கத் தொடையில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது; நான் கவனிக்கவில்லை. டீச்சருடைய ஸ்பேனர். வயலில் நிற்கும் டிஷ்ஷின் போல்ட்டுகளுக்கு அது ஒன்றுதான் பொருந்தும். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், தூரம் அதிகமில்லை. போகவில்லை. குத்தாலத்தைப் பார்த்து நடந்தேன்.

அவர் கடைசியாக என்னிடம் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" என்று. அதற்குப் பதில் சொல்லாமல்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

திட்டியிருந்தால் இருந்திருப்பேன். திட்டு எனக்குப் பழக்கம். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து நான் எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. பேராவூரணியில் தென்னந்தோப்பு மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் மாட்டும் கடையில் இருந்தேன். புயலில் தோப்பெல்லாம் சாய்ந்தபோது கடையும் படுத்துவிட்டது. கொஞ்ச நாள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தேன், நிவாரணச் சோறு தின்றேன். பிறகு அங்கே இங்கே சுற்றிக் கூத்தாநல்லூரில் சுமை ஏற்றினேன். வேலை பிடிக்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு நடப்பதுதான் வழக்கம். இந்தத் தடவை வேலை பிடித்திருந்தது. அப்படியும் நடந்துகொண்டிருந்தேன்.

கூத்தாநல்லூரில் கேபிள் டிவி நடத்திய ஒருவர் தொழிலை மூடியபோது, மொட்டைமாடியில் துருப்பிடித்துக் கிடந்த பெரிய வலை டிஷ்ஷை விற்றார். வாங்கியவர் குத்தாலம் பக்கத்து அம்மா ஒருவர். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர். குட்டியானை வண்டியில் டிஷ்ஷை ஏற்றி, அது காற்றில் பறக்காமலிருக்க மேலே நான் உட்கார்ந்து வந்தேன். இறக்கிவிட்டு அதே வண்டியில் திரும்ப வேண்டியவன்.

"இத வெச்சு எந்தச் சேனல் மேடம் பாக்கப்போறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆரம்பிக்காத சேனல்," என்றார். பிறகு, "கம்பம் நட ஆள் வேணும். இருப்பீங்களா?" என்றார்.

சுமைக்காரனை யாரும் 'நீங்க' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வண்டியைப் போகச் சொல்லிவிட்டேன்.

அவர் தேடியது வேறு உலகத்து ஆட்களின் குரலை. குரல் என்றால் காதில் கேட்பதில்லை, ரேடியோ அலை. வானம் முழுக்க ஹைட்ரஜன் என்ற வாயு இருக்கிறது, அது எப்போதும் ஒரே அலைவரிசையில் முணுமுணுக்கிறது, கொஞ்சம் அறிவு வளர்ந்த எந்தக் கூட்டமும் அதைக் கண்டுபிடித்திருக்கும், அதனால் யாராவது கூப்பிடுவதானால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கூப்பிடக்கூடும் என்று விளக்கினார். பெரிய தேசங்களில் மலை மாதிரி டிஷ்களை வைத்துத் தேடுகிறார்களாம். "நம்மளது சின்னக் காது. ஆனா அவங்களால எல்லா நேரமும் எல்லாப் பக்கமும் பாக்க முடியாதுல்ல," என்றார். லேப்டாப்பில் வந்தது வெறும் புள்ளிமழை. அதில் ஒல்லியாக ஒரு கோடு விழுந்தால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"கோடு விழுந்தா முதல்ல நம்ம மேல சந்தேகப்படணும்," என்று பலமுறை சொல்லியிருக்கிறார். "அப்புறம் பக்கத்து வீட்டு மேல. அப்புறம் விமானத்து மேல. எல்லாரும் இல்லன்னு ஆன பிறகுதான் வானம். இல்லன்னு தெரிஞ்சாலும் அது ஒரு பதில்தான்."

வயல் அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. பயிர் செய்வது தம்பி. சம்பா அறுத்த தாளில் உளுந்து தெளித்திருந்தார். டிஷ் நட வடமேற்கு மூலையை மட்டும் அக்காவுக்காக விட்டிருந்தார். தம்பி லூத்தரன் கிறிஸ்தவ சபையில் கமிட்டிக்காரர், நாலு பேர் மதிக்கிற ஆள். "எவனாவது இதச் சொல்லி என்னையப் பாத்து சிரிச்சான்னு வெச்சுக்க, மறுநாளே எறக்கிடுவேன்கா," என்று என் எதிரிலேயே சொன்னார். டீச்சர் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு இடம் கிடையாது. குடியிருந்தது வாடகை மாடி. கல்லூரியில் கேட்டதற்கு மரத்தடியைக் காட்டிச் சிரித்தார்களாம். அந்த மூலை போனால் தேடலே போயிற்று என்பது எனக்கும் தெரியும்.

நான் மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன். பக்கத்து வயல்காரர் பருத்தி போட்டிருந்தார். த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரத்துக்கெல்லாம் மோட்டார் போட வீட்டிலிருந்து ஓடிவர வேண்டியிருக்கிறதென்று புலம்புவார். பேராவூரணியில் கற்ற வேலை கையில் இருந்தது. செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கிவரச் சொல்லி மாட்டிக் கொடுத்தேன். உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து எனக்கு வந்தது.

கோடு விழுந்தது அதற்கு அடுத்த வாரம். காலை நேரம், டீச்சர் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால். புள்ளிமழைக்கு நடுவே ஊசியால் கீறினாற்போல் ஒன்று. சிறிது நேரம் நின்று மறைந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். மறுநாளும் விழுந்தது.

"இங்க சுத்துவட்டாரத்துல புதுசா டவர், கேமரா, ஏதாவது வெச்சிருக்காங்களா?"

"இல்ல மேடம்."

பொய் இல்லை. ஸ்டார்ட்டர் என் நினைவுக்கே வரவில்லை. என் கையால் மாட்டியதை எதற்குச் சந்தேகப்பட வேண்டும் என்று மனசு தானாகவே தாண்டிப் போயிருக்கும்.

"ஒரு வாரம் பாப்போம்," என்றார். "நட்சத்திரம் தெனமும் நாலு நிமிஷம் முன்னாடி வரும். மனுஷன்தான் கடிகாரத்துப்படி வருவான். நேரம் முன்னாடி நகருதான்னு பாத்தாத் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், சரியா?"

சரி என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் கெடுத்தேன். அங்கே நான் நுழைந்தாலே யாராவது ஆரம்பிப்பார்கள். "வாய்யா வானத்துப் போஸ்ட்மேன், லெட்டர் ஏதும் வந்துச்சா?" என்பார் மாஸ்டர். வேறொருவர், "வந்தா அவங்க ஊரு ரேஷன் கடையிலயாவது பாமாயில் போடுறானான்னு கேளு," என்பார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடிப்பேன். அன்று சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வந்துச்சு," என்றேன்.

கடை அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் கூச வைப்பது அதுதான். இத்தனை ஊரில் இத்தனை பேர் பேசியதைக் கேட்டவன். நான் பேசி ஒரு கடை கேட்டது முதல் தடவை. கோடு, ஹைட்ரஜன், காலை நேரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் உண்மையாகிக்கொண்டே வந்தது. மாஸ்டர் டீக்குக் காசு வேண்டாம் என்றார்.

விடிந்தபோது வயலில் கூட்டம். உளுந்துச் செடியை மிதித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடின. ஒருவன் செல்போனைக் குச்சியில் மாட்டி, "நம்ம டெல்டா மண்ணுல, மக்களே," என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு நடந்தான். ஓர் அம்மா கம்பத்தடியில் சூடம் கொளுத்த வந்தார். டீச்சர் கையைப் பிடித்துத் தடுத்தார். தம்பி புல்லட்டை வரப்போரமாக நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "தயவுசெஞ்சு போங்க, இன்னும் எதுவும் தெரியாது," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது லேப்டாப்பில் கோடு விழுந்தது. "வந்துட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் கைதட்டியது.

பருத்திக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கரண்ட் வந்ததைக் காட்டும் கொட்டகை விளக்கைப் பார்த்துவிட்டு, "அட, த்ரீ பேஸ் வந்துடுச்சு," என்றபடி செல்போனை எடுத்து மோட்டாருக்கு அடித்தார். அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. இந்தப் பக்கம் திரையில் ஒல்லிக் கோடு விரல் கனத்துக்குத் தடித்தது.

டீச்சர் அதைப் பார்த்தார். "மாமா, இன்னொரு தடவை அடிங்க," என்றார்.

"ஏம்மா, மோட்டார் ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

"பரவால்ல. அடிங்க."

அடித்தார். தடித்தது. வைத்தார். மெலிந்தது. டீச்சர் டிஷ்ஷைத் தரையைப் பார்க்கக் கவிழ்க்கச் சொன்னார். ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்திக் கவிழ்த்தது நான்தான். பருத்திக்காரர் மறுபடி அடித்தார். மண்ணைப் பார்த்தபடியும் டிஷ் அதே கோட்டைக் காட்டியது. கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டருக்குள் இருந்த சிம் டவரைத் தேடியதுதான் அந்தக் கோடு.

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, ஆனால் நெடுநேரம் ஓயவில்லை. "வேத்துக்கிரகத்துக்காரனும் த்ரீ பேஸுக்குத்தான்டா காத்துக் கெடக்குறான்!" என்றார் டீ மாஸ்டர். "பருத்திக்குத் தண்ணி பாய்ச்சுறதுக்கா அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்தான்?" என்றது இன்னொரு குரல். குச்சிக்காரன் எல்லாவற்றையும் படம் பிடித்தான்.

"இந்த ஸ்டார்ட்டர் எப்ப மாட்டுனீங்க மாமா?" என்று கேட்டார் டீச்சர்.

"போன வாரம்மா. இந்தா நிக்கிற தம்பிதான் மாட்டிக் குடுத்தாப்ள. கையில நல்ல வேல இருக்கு." பருத்திக்காரர் என் முதுகில் தட்டினார். பாராட்டித்தான் தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு தம்பி வந்தார். சத்தம் போடவில்லை. "ஞாயித்துக்கிழமை சபைக்குப் போவணும்கா நான்," என்றார். "நாளைக்கு எறக்கிடலாம்."

"சரி," என்றார் டீச்சர்.

கோடு பொய்யானதில் டீச்சருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அவரே கண்டுபிடித்திருப்பார், சத்தமில்லாமல் ஒரு சந்தேகத்தை அடித்துவிட்டு வானத்தில் அடுத்த மூலைக்குப் போயிருப்பார். நான் கெடுத்தது அந்தக் கோட்டை அல்ல, வயலின் அந்த மூலையை. ஒரு டீக்கடை என்னைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதற்காக.

அவர் லேப்டாப்பை மூடினார். வயரைச் சுருட்டினார். மிதிபட்ட செடிகளில் இரண்டொன்றை நிமிர்த்திப் பார்த்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீங்களா?" என்றார். அதே 'நீங்க'. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பையை எடுத்தேன்.

குத்தாலத்தில் பஸ் ஏறவில்லை. மாயவரம், கும்பகோணம் என்று எல்லாப் பக்கமும் பஸ் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் எழுந்தேன், ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் தொடையில் இடித்தது, உட்கார்ந்தேன். இரவு அங்கேயே பெஞ்சில் படுத்துவிட்டேன். காலையில் கடைத்தெரு முனையில் கூலியாட்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். நெல் மூட்டை ஏற்ற ஆள் எடுப்பார்கள் என்று சொன்னார்கள்.

வந்து நின்றது புல்லட்.

"இரும்பு வேல தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்கீங்களா? ஒரு டிஷ் எறக்கணும்," என்றார் டீச்சரின் தம்பி. என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "நீ இன்னும் போவலையா?"

"இல்லிங்க."

"ஸ்பேனரையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

"நாந்தாங்க. எங்கிட்டதான் இருக்கு."

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். "ஏத்துனவன் நீதான?" என்றார் அவர். "நீயே வந்து எறக்கு. ஏறு."

கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏறினேன்.

டீச்சர் கம்பத்தடியில் கயிற்றோடு நின்றிருந்தார். கல்லூரிக்கு லீவு போட்டிருப்பார் போல. நான் இறங்கி ஸ்பேனரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க. வலை மடங்காம எறக்கணும்," என்றார்.

கம்பத்தின் அடியில் இருந்த முதல் போல்ட் அசையவில்லை. புயலில் சாய்ந்த தோப்புகளை மனதில் வைத்து நான்தான் அன்று அப்படி முறுக்கியிருந்தேன். இரண்டு கையாலும் தொங்கினேன். நகரவில்லை. தம்பி வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

டீச்சர் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து போல்ட்டின் தலையில் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"எறங்கட்டும். அவசரமில்ல," என்றார்.

ஸ்பேனரைப் பிடித்தபடி எண்ணெய் இறங்குவதற்காகக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பருத்தி வயலில் மோட்டார் ஓடத் தொடங்கியது.