ஞானமேரியின் புள்ளிகள்

என் வலது முழங்கை மடிப்பில் ஒரு நரம்பு இருக்கிறது. சுண்டுவிரல் தடிமன். கண்ணைக் கட்டிக்கொண்டு குத்தினாலும் ஊசி இறங்கிவிடும். அப்பேர்ப்பட்ட நரம்பை வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டாம் வருசத்திலிருந்து மணிக்கட்டிலும் புறங்கையிலும் குத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். காரணம் ஞானமேரி நர்சம்மா. போன வாரமும் ரப்பர் குழாயைக் கட்டினார், அந்த நரம்பை ஒரு தரம் தடவிப் பார்த்தார், "நல்லா இருக்குதுங்க" என்று பாராட்டினார், விரலைக் கீழே கொண்டுபோய்விட்டார். பந்தியில் உட்காரவைத்து லட்டைக் காட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போவது மாதிரி.

எனக்கு இழுப்பு. திருச்செங்கோட்டில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறேன். தகடும் கரிப்புகையும் பெயின்டு நெடியுமாகப் பிழைப்பு. வாரம் ஒரு தரம், பனி விழுந்தால் இரண்டு தரம், சங்ககிரி ரோட்டில் மாதா கோயிலை ஒட்டிய தரும ஆஸ்பத்திரியில் நரம்பு ஊசி போட்டால்தான் மூச்சு உள்ளே போகும். டாக்டர் சீட்டு எழுதுவதோடு சரி. கையைப் பிடிப்பது நர்சம்மா.

சேலத்துக்காரர். ஐம்பது வயசு இருக்கும். ஆள் குள்ளம், குரல் நெட்டை. ஊசி போடும்போது கையைப் பார்க்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தைப் பார்ப்பார். விரல் மட்டும் தோல்மேல் மெத்து மெத்தென்று அழுத்திக்கொண்டு போகும். நான் முதல் தடவை பயந்துபோய்க் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியற நரம்பு ஓடிப்போயிரும் மேஸ்திரி. விரலுக்குத் தெரியற நரம்புதான் நிக்கும்" என்றார்.

ஊசியைத் தானே எண்ணெய்க் கல்லில் தீட்டுவார். தீட்டிய முனையைப் பஞ்சுமேல் இழுத்துப் பார்ப்பார். ஒரு இழை மாட்டினாலும் மறுபடி கல்லுக்குப் போகும். இருபது வருசமாக உளி தீட்டுகிற எனக்கே அதைப் பார்த்தால் பொறாமை. "உங்க கல்லை எனக்குக் குடுத்துருங்க" என்று கேட்டேன். "உங்க உளி ஒருத்தருக்கும் வலிக்காது, போங்க" என்றுவிட்டார்.

மருந்தைச் சட்டென்று ஏற்றினால் நெஞ்சு படபடக்கும். அதனால் கடிகாரத்துக்குப் பதில் ஜெபம். மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரம் இருபது தரம் முடியும்போது மருந்தும் முடிய வேண்டும். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற எனக்கு அந்த மந்திரம் இப்போது தலைகீழ்ப் பாடம். ஒருநாள் யாரோ கூப்பிட்டதில் அவருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. "ஒண்ணு உட்டுப்போச்சுங்க நர்சம்மா" என்றேன். முறைத்தார். ஆனால் அந்த ஒன்றையும் சொன்ன பிறகுதான் ஊசியை உருவினார்.

அடுத்தது புள்ளி. வழக்கமாக வருகிற எல்லாருக்கும் ஒரு கார்டு உண்டு. அதன் பின்பக்கம் இரண்டு கை வரைந்திருப்பார். இரண்டு முருங்கைக்காய் என்று சொன்னால் சரியாக இருக்கும். குத்திய இடத்துக்கு ஒரு புள்ளி. அடுத்த வாரம் அதற்கு ஒரு விரல் மேலே. மேலே ஏறி முடிந்தால் மற்ற கை. ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைப்பதால், மத்தியானத்துக்குள் நாக்கு நாகப்பழம் தின்றது மாதிரி ஆகிவிடும். அந்த நாக்கோடுதான் டாக்டரிடமும் சண்டை போடுவார்.

"போட்ட ஓட்டையிலயே போடுங்கம்மா, மரத்துப்போச்சு, வலிக்காது" என்று கெஞ்சிப் பார்த்தேன். நர்சம்மா பக்கத்திலிருந்த அம்மாசி என்கிற நெசவுக்காரரின் கையைப் பிடித்து என் முன்னால் நீட்டினார். வெளியூரில் யாரோ ஒரே இடத்தில் குத்திக் குத்தி, அந்த இடம் கோலிக்குண்டு மாதிரி புடைத்து நின்றது. முரண்டு பிடிக்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கை ஒரு பொருட்காட்சி. அம்மாசியும் பெருமையாகத்தான் காட்டுவார்.

"நீங்க தகட்டுல ரிவிட்டு அடிக்கறீங்களே, ஒரு ஓட்டைய ஒட்டியே பத்து ஓட்டை போடுவீங்களா?"

"போட்டாத் தகடு கிழிஞ்சு போயிருமுங்க."

"அதேதான். கைய நீட்டுங்க."

அப்போதும் நான் விடவில்லை. "செரிங்க, இந்தக் கொழுத்த நரம்புல ஒரு வாட்டி போட்டா என்னங்க?"

"அது குடிதண்ணிக் கிணறு. அதுல மாடு குளிப்பாட்டுவாங்களா? பேச முடியாமத் தூக்கிட்டு வர்ற அன்னிக்கு அதுல எறங்கிக்கலாம். இப்பத்தான் வாய் நல்லாப் பேசுதே."

போன மார்கழியில் அப்படியும் ஒருநாள் வந்தது. பட்டறையிலிருந்து கட்டைவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். உதடு கறுத்துவிட்டது, கை ஐஸ் என்று பிறகு சொன்னார்கள். கீழ்க்கையில் ஒரு நரம்பும் இல்லை, எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. நர்சம்மா கார்டைத் தேடவில்லை. விரல் நேராக மடிப்புக்குப் போனது. ஒரே குத்து. அவசரம் என்று மந்திரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. மூச்சு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "கடைசில போட்டுட்டீங்கல்ல?"

"பேச்சு வந்துருச்சா? அப்ப கிணத்த மூடியாச்சு" என்று குழாயைச் சுருட்டினார்.

இத்தனை பேரைக் குத்துகிறவருக்கு ஊசி என்றால் பயம். காலரா ஊசி போட வந்த வருசம் கோயில் சமையற்கட்டில் விறகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். கம்பவுண்டர் சவரியார்தான் சொன்னார். நர்சம்மாவிடம் நான் கேட்டதற்கு, "வெறகு எண்ணப் போனேன்" என்றார்.

முந்தாநாள் என் ஊசிக்காகப் போனேன். என் பெஞ்சில் நர்சம்மா படுத்திருந்தார். ராத்திரியிலிருந்து வாந்தி பேதி. கண் குழிவிழுந்து, கன்னம் ஒட்டி, பாதி ஆளாக இருந்தார். டாக்டர் சேலம் போயிருந்தார். சவரியார் சலைன் பாட்டிலை மாட்டிவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டு நின்றார். உடம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் சாயங்காலம் தாங்காது என்று என் காதில் சொன்னார். முழங்கை மடிப்பைத் துடைத்தார்.

"சவரி, நான் பேசறனா இல்லியா?"

"பேசறீங்கக்கா."

"அப்புறம் அங்க என்ன வேலை உனக்கு? கீழ போ."

"ஏனுங் நர்சம்மா, நல்லாக் கொழுத்த நரம்பாச்சுங்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஊசி தோலில் பட்டபோது மந்திரத்தைத் தொடங்கினார். மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலாவதை நான் எடுத்தேன். சவரியார் என்னை அண்ணாந்து பார்த்தார். "நீ குத்துய்யா" என்று சொல்லிவிட்டு ஐந்தாவதுக்குப் போனேன். இரண்டாம் குத்தில் ரத்தம் தெரிந்தது. சலைன் சொட்ட ஆரம்பித்தது. அதுவரை நர்சம்மாவின் விரல் என் மணிக்கட்டில் எனக்கு அடுத்த குத்துக்கான இடத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "எனக்குக் கார்டு இல்லீங்க. மேசைமேல இருக்குது, ஒண்ணு எடுத்துக் கை வரையுங்க."

லாரிக்குக் கிளியும் தாமரையும் எழுதுகிற கை. ஆனாலும் முருங்கைக்காய்தான் வந்தது.

"எங்க போட்டான்?"

"புறங்கையிலங்க. சுண்டுவிரலுக்கு மேல."

"அங்க ஒரு புள்ளி வெச்சிருங்க. நாளைக்கு ஒரு விரல் மேல."

ஊதாப் பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டேன்.