லேமினேட் செய்த சீட்டு

காலை எட்டு இருபது. அரசு பல் மருத்துவமனையின் ஓ.பி. கவுன்டரில் மகளின் சீட்டை நீட்டினேன். உள்ளே இருந்தவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், சாமி படம் எடுத்தாந்துகீறே? மாட்டி சூடம் காட்டு. சீலு எங்க குத்துறது, உன் நெத்திலயா?"

வரிசை சிரித்தது. பதினாறு வயது மகள் கன்னத்தைப் பிடித்தபடி, என்னோடு வராதவள் போலத் தள்ளி நின்றாள்.

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதுவும் வெறுமனே இருந்ததில்லை. பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் மேற்கு மாம்பலம் ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். போன வாரம் பயிற்சி டாக்டர் ஒருவர் மகளின் கடைவாய்ப்பல் வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். ஒரு வாரத்தில் இதே சீட்டோடு வந்தால் மறுபடி கட்டணம் இல்லை என்றார். தி.நகர் கிளினிக்கில் ஒவ்வொரு முறைக்கும் கேட்ட தொகைக்குப் பயந்து இங்கே வந்தவன் நான். அன்று மாலையே சீட்டை லேமினேட் செய்துவிட்டேன்.

மறுவருகையை அதே சீட்டில் எழுதி முத்திரை வைக்க வேண்டுமாம். உறையைப் பிரிக்கப் பார்த்தேன். எழுத்தும் காகிதமும் சேர்ந்து உரிந்தன. கவுன்டர்காரர் புதுச் சீட்டு போட்டார். புதுச் சீட்டு என்றால் புது நோயாளி. வேர் சிகிச்சைக்குத் தேதி இருபது நாள் கழித்து.

மாடிக்குப் போய் அந்த டாக்டரையே பார்க்கலாம் என்றாள் மகள். முறை தவறிப் போனால் தனியாகக் கட்டணம் கேட்பார்களோ என்று நினைத்தேன். வேண்டாம் என்றேன்.

பத்தாம் நாள் அடைப்பு உதிர்ந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை. பதினான்காம் நாள் முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தேதி வரலையேப்பா."

அன்று மருத்துவமனை பெஞ்சில் இரண்டு மணி நேரம் அவள் என் தோளில் சாயவே இல்லை. கடைசியில் அதே பயிற்சி டாக்டர் வந்தார். பார்த்ததும் அவளை அடையாளம் கண்டுகொண்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நான் உரிந்துபோன பழைய சீட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அன்னைக்கே மேல வந்திருந்தா நான் சீட்டே கேட்டிருக்க மாட்டேன் சார். இனிமே வீக்கம் வடிஞ்சதும் பல்ல எடுக்கத்தான் வேணும்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்:

"எடுக்கறதுக்குக் காசு கிடையாது."