பின் சக்கரத்துக்கு மஞ்சள் தண்ணீர்

இராஜபாளையம் டவுன் பஸ்ஸில்தான் எனக்குச் செய்தி வந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர் என் பக்கத்தில் நின்று, "டைனமோ பாய் போயிட்டாக, தெரியுமா?" என்றார். உதிரிப்பாகம் வாங்க வாரம் ஒருமுறை மதுரைக்குப் போகிற மனிதர் ஆயிற்றே, அந்த நினைப்பில், "என்றைக்குத் திரும்புகிறார்?" என்று கேட்டுவிட்டேன். கண்டக்டர் என் தோளில் கையை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்ததும், எட்டுப் பேர் பார்க்க பஸ்ஸிலேயே அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பழுது பார்த்த மைதீன் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் லாரியையோ டிராக்டரையோ அவர் ஒருமுறையாவது திட்டியிருப்பார். என்னோடு அவருக்கு வாய்த்த கதை உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று அவரே சொல்லி வைத்திருந்தார். இனி என்னால் மறைக்க முடியாது; கேட்டுவிட்டு நீங்களும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் நூல் மில் வேலையை விட்டுவிட்டு நெல் அறுக்கும் மெஷின் வாங்கினேன். வடக்கேயிருந்து லாரியில் வந்து இறங்கிய புத்தம் புது வண்டி. முன்னால் அறுத்து, உள்ளே அடித்து, தூற்றி, நெல்லைத் தனியாகக் கொட்டும். எங்கள் பக்கத்துக்கு இதுதான் முதல் மெஷின் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தேன். நாக்கில் சனி. முதல் வயலிலேயே வண்டி நின்றது. ஒரு அரை மணி நேரம் ஓடும், பிறகு யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி பொசுக்கென்று அணையும். எஞ்சினில் கோளாறு இல்லை. டீசலைத் திறந்துவிடும் சின்ன மின்சார வால்வு ஒன்று உண்டு, அதற்குக் கரண்டு போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஏன் போகவில்லை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கம்பெனி ஆள் வந்தார். பனி ஈரம்தான் காரணம் என்றார். பேட்டரியை மாற்றினார், சாவி போடும் சுவிட்சை மாற்றினார், வந்த வழியே போனார். அடுத்து வந்த உள்ளூர் மெக்கானிக், "டைரக்ட் குடுத்திருவோம்" என்று பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து முடிச்சுப் போட்டார். அதன்பின் வண்டி நிற்க மறுத்தது. சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் டிரைவர் சின்னையன் அதை வரப்பில் முட்டி நிறுத்தினான். ஒரு வாரம் ஓட மாட்டேன் என்றது, மறு வாரம் நிற்க மாட்டேன் என்றது. அந்த வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மைதீன் பாய் கடைக்குப் போனேன்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வரை படித்து, மடித்து, அதன் மேல் கண்ணாடியை வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். எந்த வயர், எந்த ஃபியூஸ் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவரோ எந்த ஊரில் நின்றது, யார் வயல், எத்தனை மணி, மறுநாள் எப்படி என்று போலீஸ்காரர் மாதிரிக் கேட்டார். எனக்கு எரிச்சல். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று தட்டுப்பட்டது. எந்த வயலிலும் முதல் நாள் காலையில்தான் வண்டி நிற்கும். அதே வயலில் மறுநாள் சமர்த்தாக ஓடும். "அப்ப வண்டிக்குப் புது ஆளுகளைக் கண்டா வெக்கம் போல" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எந்த ஊருக்கு அடுத்துப் போகிறேன் என்று கேட்டார். பிளவக்கல் அணைப் பக்கம், சுப்புத்தாயக்கா வயல் என்றேன். வாரேன் என்றார்.

சுப்புத்தாயக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் இல்லாதவர். நாலு ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுப்புக்குப் பெண்களைப் பேசி வைத்திருந்தவரிடம், மெஷின் இருக்கையில் ஆள் எதற்கு, ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாய்ச்சவடால் அடித்து அவர்களைத் திருப்பி அனுப்ப வைத்தது நான்தான். அவர்கள் வேறு ஊர் அறுப்புக்குப் போய்விட்டார்கள். பெய்யக் கூடாத தை மாதத்தில் அணைக்கு மேலே மலை கறுத்துக்கொண்டு நின்றது. கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும்.

காலை பஸ்ஸில் பாய் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மஞ்சள் பை. பையைத் திறக்கவே இல்லை. வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் பதறினேன்.

"மில்லுக்காரரே, செத்த நேரம் சும்மா இருங்க. கை சும்மா இருந்தாத்தான் எனக்குக் கண்ணு தெரியும்" என்றார்.

சுப்புத்தாயக்கா முறைப்படி எல்லாம் செய்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஏறும் படியில் சந்தனம், குங்குமம். வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைச் செம்போடு தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வண்டியின் முகத்தில், படியெல்லாம் நனைய வீசி அடித்தார். முதல் தடவையாக ஒரு மெஷின் தன் வயலில் இறங்குகிறதே, சும்மா விடுவாரா? இப்படித்தான் ஒவ்வொரு வயலிலும் நடந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

வண்டி இறங்கியது. நாலு சுற்று வந்தது. நின்றது.

சுப்புத்தாயக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஒன் பேச்சை நம்பித்தானப்பா ஆளுகளை அனுப்புனேன். அம்புட்டும் முளைச்சுப் போனா நா யாருகிட்டப் போயி நிக்க?" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பாய் எழுந்தார். நேராக ஏறும் படிக்குப் போய், அதற்குப் பின்னால் கையை விட்டு, வயர்கள் கூடும் ஒரு கனெக்டரைப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். உள்ளே பித்தளை முள்ளெல்லாம் மஞ்சள் பூத்து, சந்தனம் காய்ந்து, ஒரு வேப்பிலைத் துணுக்குகூட ஒட்டிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து விழும் மழைக்கு மூடி இருந்தது. கீழேயிருந்து பக்தியோடு வீசும் தண்ணீருக்கு மூடி இல்லை. வண்டி அதிர அதிர அது உள்ளே இறங்கும், கரண்டு நிற்கும். மறுநாளைக்குள் காய்ந்துவிடும். பூசை முதல் நாள் மட்டும்தானே!

"இத செஞ்சவன் வெயிலை யோசிச்சிருக்கான், மழையை யோசிச்சிருக்கான். சுப்புத்தாயக்கா செம்பை யோசிக்கலையே" என்றார் என் காதில்.

அதை உரக்கச் சொல்ல நான் திரும்பினேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "வாயத் திறக்காதீங்க. அவுக சாமிக்குச் செஞ்சது. அதனாலதான் வண்டி நின்னுச்சுன்னு தெரிஞ்சா அந்தம்மா மனசு என்ன பாடுபடும்?"

முள்ளைச் சுரண்டித் துடைத்தார். மஞ்சள் பையிலிருந்து, வீட்டுக்காக வாங்கி வைத்திருந்த பால்கோவாவை எடுத்து என் கையில் கொடுத்தார். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைக் கனெக்டருக்கு மாட்டி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினார். பிறகு சுப்புத்தாயக்காவிடம் போய் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏன்க்கா, பசு மாட்டை எங்க தொட்டுக் கும்பிடுவீக?"

"பின்னாலதான் பாய். அங்கதான லச்சுமி இருக்கா."

"இதுவும் வீட்டுக்கு நெல்லுக் கொண்டாற வண்டிதான? பின்னாலதான முறை?"

அக்கா யோசித்தார். தப்புச் செய்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, செம்பில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரைப் பின் சக்கரத்துக்கு ஊற்றினார். சின்னையன் சாவியைத் திருப்பினான். வண்டி ஓடியது. சாயங்காலம் வரை நிற்கவே இல்லை. கடைசி மூட்டையைக் கட்டித் தார்ப்பாயைப் போட்டபோது முதல் தூறல் விழுந்தது. அக்கா அந்தத் தூறலில் நின்றுகொண்டு பின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாயும் நானும் வரப்பில் உட்கார்ந்து பால்கோவாவைத் தின்று தீர்த்தோம்.

சுப்புத்தாயக்கா சும்மா இருப்பாரா? பின் சக்கரத்துக்குத்தான் ஊற்ற வேண்டும் என்று கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, கான்சாபுரம் எங்கும் சொல்லிவிட்டார். அதன்பின் பிளாஸ்டிக் பைக்கு வேலையே இல்லாமல் போனது. வேறு கோளாறுகள் வந்தன, வராமல் இல்லை. ஒருமுறை எலி வயரைத் தின்றது. ஒருமுறை ஹாரன் தானாகவே அடித்து ஊரை எழுப்பியது. எல்லாவற்றுக்கும் பாய் பஸ்ஸில் வந்தார், முதலில் உட்கார்ந்து பார்த்தார். ஊரார் வண்டிக்கெல்லாம் உயிர் கொடுத்தவருடைய சொந்த மொபெட்டுக்கு மட்டும் கடைசி வரை விளக்கு எரியவில்லை. கேட்டால், "அது என்னைய நம்பி இல்ல, நான்தான் அத நம்பி இருக்கேன்" என்பார். அந்தப் பதிலில் என்ன நியாயம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவரை அடக்கம் செய்து நாலாம் நாள், மனசே இல்லாமல் ஒரு வயலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். புது ஊர், புது ஆள்; நான் மில்லுக்காரன் என்பது மட்டும் அங்கேயும் தெரிந்திருந்தது. வயல்காரப் பெரியவர் செம்போடு வந்தார். சின்னையன் படிப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். பெரியவர் அவனைத் தாண்டி நேராகப் பின் சக்கரத்துக்குப் போனார். இதென்ன வழக்கம் ஐயா என்று தெரியாத மாதிரிக் கேட்டேன்.

"மில்லுல இருந்த ஆளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது? எங்க பாட்டன் காலத்துல இருந்து அறுப்பு மெஷினுக்குப் பின் வீல்லதான் ஊத்துறது" என்றார்.

மெஷின் வந்தே ஆறு வருடம்தான். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கரண்டு வருகிறதா என்று பார்க்க பாய் கடையில் வைத்திருந்த டெஸ்ட் லைட்டை அவர் மகன் எனக்குக் கொடுக்க வந்தார். வேண்டாம், கடையிலேயே இருக்கட்டும் என்றேன். எனக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது. அன்றைக்குப் பெரியவரின் கையிலிருந்த செம்பைக் கேட்டு வாங்கி, மிச்சத்தை நானே பின் சக்கரத்துக்கு ஊற்றினேன். இதுவரை அதை வயல்காரர்கள்தான் செய்வார்கள். இனி ஒவ்வொரு வயலிலும் ஒரு கை நானும் ஊற்றுவேன். அவர்கள் லட்சுமியை நினைத்துக்கொள்ளட்டும். நான் மைதீன் பாயை நினைத்துக்கொள்கிறேன்.