உன்கூடத்தானே வந்தா?

இரண்டு வருடங்களுக்கு முன், பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஏலகிரிக்குப் போனபோது நடந்தது இது.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், தேரடிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில். என் கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். நான் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில், உள்ளே வரும் வண்டிகளுக்குச் சீட்டுப் போடும் வேலையில் இருக்கிறேன். அப்போது பெரிய மகளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நான்கு.

சின்னவளுக்கு இளைப்பு உண்டு. பனியும் புகையும் சேர்ந்து இறங்கும் நாட்களில் அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டபடியே விடியும் வரை உட்கார்ந்திருப்பேன். "மழை பிடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் எங்கயாவது நல்ல காத்துல வெச்சிட்டு வாங்களேன்" என்று டாக்டர் சொன்னார். அவர் பேச்சுவாக்கில்தான் சொல்லியிருப்பார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் எங்குமே போனதில்லை என்பதும் ஒரு காரணம்.

ஏலகிரியில் ஒரு விடுதியில் இரண்டு நாளுக்கு அறை போட்டேன். லீவு கிடைப்பதற்காக அதற்கு முந்தைய வாரம் முழுக்க இன்னொருவரின் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தேன். கணவர் துறைமுக கேட் வரிசையில் இரண்டு நாளாக வண்டியிலேயே கிடந்துவிட்டு, கிளம்ப வேண்டிய நாள் காலை ஐந்து மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் தூங்கிக்கிறனே, நாளைக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"ரூம் போட்டாச்சு. பசங்க நேத்தே பையைக் கட்டிட்டாங்க. ரயில்ல தூங்கிக்கங்க" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். குளித்துவிட்டு வந்தார்.

பெரம்பூரில் ரயில் ஏறினோம். ரயிலில் எங்கே தூங்குவது? சின்னவள் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பெயர் கேட்டாள். ஜோலார்பேட்டையில் இறங்கி, மலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வளைவுகளில் பெரியவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வந்ததற்கு வீட்டிலேயே படுத்திருக்கலாம் என்றுதான் எனக்கே தோன்றியது. ஆனால் பிள்ளைகள் நீச்சல் குளத்தையும் ஊஞ்சலையும் கயிற்றுப் பாலத்தையும் பார்த்ததும் கத்திய கத்தலில் அதை மறந்துவிட்டேன்.

மதியம் ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பதினைந்து பேர். ராயபுரம் பக்கம் மீன் வியாபாரம் செய்யும் பெண்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுற்றுலா வந்திருந்தார்கள். இறங்கும்போதே சிரிப்பும் கூப்பாடுமாக இடமே மாறிவிட்டது. நைட்டியோடு குளத்தில் இறங்கி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி அடித்தார்கள். அவர்களில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கழுத்தில் சிலுவை போட்ட செயின், முழங்காலில் கட்டு. குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "இன்னாம்மா, நீங்களும் மெட்ராஸா? எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அண்ணா நகர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு நாளாவது எங்கள் தெருவையும் லாரிச் சத்தத்தையும் அந்தப் பேச்சையும் விட்டு வேறொருத்தியாக இருக்க ஆசைப்பட்டேன் போலிருக்கிறது. அது மட்டுமில்லை. சின்னவள் அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு "இன்னா நைனா, தண்ணி ஜில்லுனு கீது" என்று கத்தியதும், அவள் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். "அந்தக் கூட்டத்துல சேராத. ஒழுங்காப் பேசு" என்றேன். அந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை மலை உச்சிக்கு நடந்தே ஏறுவதாகத் திட்டம். முதல் நாள் இரவும் நாங்கள் தூங்கவில்லை. புது இடம் என்பதால் சின்னவள் ஐந்தாறு முறை எழுப்பிவிட்டாள். ஆனாலும் ஏழு மணிக்குக் கிளம்பினோம். வேனில் வந்தவர்களும் முன்னால் போனார்கள்.

பாதி மலையில் வழியோரம் ஒரு பெரிய பாறை. கணவர் அதுவரை சின்னவளைத் தோளில் தூக்கி வந்தவர், அங்கே சாய்ந்து உட்கார்ந்தார். சின்னவள் அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக் கண்ணை மூடினாள். பெரியவளுக்கு உச்சியைப் பார்த்தே ஆக வேண்டும்.

"நாங்க மேல போய்ட்டு வந்துடறோம். இவளப் பாத்துக்கங்க" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "ம்" என்றார். நானும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

உச்சியில் அப்படி ஒரு காற்று. கீழே வீடுகளும் ஏரியும் பொம்மை மாதிரி தெரிந்தன. பெரியவள் என் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. கீழே இறங்கவே மனசில்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டோம்.

திரும்பி வந்தபோது கணவர் அதே பாறையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடி காலியாக இருந்தது.

"சின்னவ எங்க?"

அவர் விழித்து என்னையும் பெரியவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்கூடத்தானே வந்தா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் கிளம்பியதும் சின்னவள் கண் விழித்து, "நானும் அம்மாகூடப் போறேன்" என்றிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்ற நினைப்பில், தூக்கத்திலேயே "போ" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

பாதையின் ஒரு பக்கம் சரிவு. உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அவர் அந்தப் புதருக்குள் இறங்கினார். மேலிருந்து வந்த வழியில் அவளைப் பார்க்கவில்லை, அதனால் நான் பெரியவளை இழுத்துக்கொண்டு பாதையில் கீழ்நோக்கி ஓடினேன், பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே. இரண்டு மூன்று கூப்பாட்டுக்குப் பிறகு தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. இளைப்பு மருந்து என் கைப்பையில் இருக்கிறது, அவளிடம் இல்லை என்பது வேறு திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஏறும்போது ஒரே பாதையாகத் தெரிந்தது, இறங்கும்போது இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் போவது? அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. பெரியவள், "அம்மா, சொல்லும்மா, எந்தப் பக்கம்?" என்று அழுதாள்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

"கொயந்தையத் தேடறவங்கோ...! செவப்பு கவுனு கொயந்த இங்க கீது...!"

நேற்று குளத்தங்கரையில் எனக்குப் பிடிக்காமல் போன அதே குரல். மலை எதிரொலிக்க இன்னொரு முறை கேட்டது. குரல் வந்த பக்கமாக விழுந்தடித்து ஓடினேன். மூன்றாவது வளைவில் ஒரு சோடாக் கடை. அதன் பெஞ்சில் அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியால் மேலே ஏற முடியாமல் அங்கேயே தங்கிவிட்டாராம். அவர் மடியில் என் மகள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

"அயுவாதம்மா. ஒண்ணியும் ஆவல. மாதா காப்பாத்திச்சி" என்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "வயி தெரியாம தனியா எறங்கி வந்துக்கினு இருந்திச்சி. இன்னா கண்ணு, எங்க போறன்னு கேட்டேன். நேரா வந்து ஒட்டிக்கிச்சி."

அவர் குரல் கரகரத்திருந்தது. சோடாக் கடைக்காரர்தான் சொன்னார், அரைமணி நேரமாக நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த அம்மா இப்படிக் கத்திக்கொண்டிருந்தார் என்று. வழியில் போன யாரோ ஒருவர், குழந்தையைக் கீழே போலீசில் ஒப்படைத்துவிடலாம் என்று கேட்டாராம். இவர் விடவில்லை.

"பெத்தவ தேடிக்கினு வர்ற வயியிலேர்ந்து கொயந்தைய எடுத்துக்கினு போவக் கூடாது, அதான் இங்கியே குந்திக்கினேன்" என்றவர், என் மகளின் தலையைத் தடவினார். "வூடு எங்கன்னு கேட்டேன், தேரடின்னு சொல்லிச்சி. எங்க நாத்தனாரும் அங்கதான் கீது."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்க்கா. அப்புறம், குளத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"வுடும்மா. வெளியூரு வந்தா ரெண்டு நாளு வேற ஊருக்காரியா இருந்துட்டுப் போறதுதான். நான்கூட காலைல டீக்கடையில எனக்கு நாப்பது வயசுன்னேன்."

பெரியவள் கண்ணீரோடு சிரித்துவிட்டாள்.

கணவர் வந்து சேர்ந்தார். கையெல்லாம் முள் கீறி ரத்தம். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கிட்டே வரவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. வாயைத் திறந்தேன்.

அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தார். "சண்ட போடப் போறியா? அப்பறமா போட்டுக்க. மொதல்ல ரெண்டு பேரும் மூஞ்சியப் பாருங்க. எத்தினி நாளாச்சி தூங்கி?"

"நாலு நாளாச்சிக்கா" என்றார் அவர், சின்னப் பையன் மாதிரி.

அதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாசற்படியில் செருப்போடு உட்கார்ந்து அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. ஒரு நாள் தூக்கம்தான் கேட்டார். நான் தரவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் அந்த அம்மா எங்கள் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "உள்ள போய்த் தூங்குங்க. பசங்கள நாங்க பாத்துக்கறோம். தண்ணிகிட்ட வுட மாட்டேன், போதுமா? மருந்து எதுனா இருந்தா குட்த்துட்டுப் போ."

காலையில்தான் குழந்தையைத் தொலைத்தவள் நான். முந்தின நாள் பார்த்த ஒருவரிடம் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தூங்கப் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மருந்தைக் கொடுத்து, எப்படித் தருவது என்று காட்டினேன். படுத்ததுதான் தெரியும்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்து கதவைத் திறந்தேன். மரத்தடியில் வேன் பிள்ளைகளோடு என் மகள்கள் வட்டமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் வாய் நிறையச் சோற்றோடு ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள், சத்தமாக, எங்கள் தெருப் பேச்சில். அந்த அம்மா நாற்காலியில் அப்படியேதான் இருந்தார். என்னைப் பார்த்து, "அதுக்குள்ள இன்னாத்துக்கு எய்ந்த?" என்று கேட்டார். உள்ளே கணவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அவர்கள் ஏரிக்குப் போயிருந்தார்கள். முந்தின நாளே போன் நம்பர் வாங்கியிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. ராயபுரத்தில் மீன் வாங்கப் போன இரண்டு மூன்று முறையும் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கணவர், "நான்தான் போன்னு சொன்னேன்" என்று முணுமுணுத்தபடியே வந்தார். "உங்களைத் தூங்க விடாதது நான்தானே" என்றேன். அதற்குப் பிறகு இதைப் பற்றி எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. இப்போது சின்னவளை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளும்போது முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் விடுகிறோம்.

களைப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அவர் வண்டியும் என் ஷிப்டும் அப்படியேதான் இருக்கின்றன. சில நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் போலவே கண் சொருகிக்கொண்டு, கைக்குழந்தையோடு யாராவது வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். இப்போது, "நான் கொஞ்ச நேரம் வெச்சிக்கிறேன், நீ உட்காரு" என்று கையை நீட்டாமல் இருக்க என்னால் முடிவதில்லை.